பர்மாக்காரர்கள் வேதக்கோயிலில் தங்கியிருந்த வருஷம்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாக ஒரு ரகசியம் சொன்னார்கள். மற்ற இரண்டு பேரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மூன்று பேரும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். மூன்றும் ஒரே விஷயம்தான். அப்படியிருக்க எதற்காக ஒருவருக்கொருவர் ஒளிக்கிறார்கள் என்று குழம்பியே எனக்கு அந்த வருஷம் ஓடிப்போயிற்று.

விருதுநகரில் அப்பாவுக்குப் பருப்பு மண்டி. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் பெரியம்மா. பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பெரியப்பாவை நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான மூன்றாம் மாசம் ரங்கூனில் ஓர் அரிசிக் கடைக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. அவர் போய் ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் நான் பிறந்தேன். எப்போதாவது கடிதம் வரும். அம்மா உரக்கப் படிப்பாள், பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். "எல்லாரும் சுகமா?" என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் இரண்டு தடவை படிக்கச் சொல்வாள்.

பெரியம்மாவை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவள் நெற்றிதான். பழைய காலணா அகலத்துக்குக் குங்குமம் வைப்பாள். விடியற்காலையில் குளித்துவிட்டுக் கண்ணாடி இல்லாமலே விரலால் வைத்தாலும் வட்டம் கோணாது. புருஷன் கண்காணாத தேசத்தில் இருக்கிறான், இவள் இப்படி மங்களமாக இருக்கிறாளே என்று ஊரில் அவளுக்கு ஒரு தனி மரியாதை. வளைகாப்பு, சடங்கு எது நடந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

கடிதம் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. பர்மாவில் கடைகளையெல்லாம் அந்த ஊர்ச் சர்க்கார் எடுத்துக்கொண்டது என்றும், நம்மாட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்புகிறார்கள் என்றும் பேப்பரில் வந்தது. அப்பா ஒரு தடவை மதராஸ் துறைமுகத்துக்குப் போய் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு வந்தார். பெரியம்மா அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். அவ்வளவுதான்.

ரயில்வே லயனுக்கு அந்தப் பக்கம் ஒரு வேதக்கோயில் இருந்தது. பெரிய மாதாகோயில் மாதிரி கிடையாது. கோபுரம் இல்லை, சிலை இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவரில் ஒரு வசனம். சாமியே இல்லாத இடத்தை எப்படிக் கோயில் என்கிறார்கள் என்பது எனக்கு ஏற்கெனவே இருந்த ஒரு குழப்பம். அங்கே இருந்த போதகர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்நேரமும் சைக்கிளில் இருப்பார். அவரும் அவர் சபை ஆட்கள் இரண்டு பேரும் மதராஸ் துறைமுகத்துக்குப் போய், நம் பக்கத்து ஊர்ப் பெயர் எழுதிய சீட்டோடு முழித்துக்கொண்டு நின்ற பர்மாக்காரர்களை ரயிலேற்றிக் கூட்டிவந்தார்கள். சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். போக்கிடம் இல்லாத ஏழெட்டுக் குடும்பத்துக்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டகை போட்டுத் தட்டி வைத்துத் தடுத்துக் கொடுத்தார்.

அவர்களுக்காக எங்கிருந்தோ வெளிநாட்டுச் சபைகள் கோதுமையும் பால்பவுடரும் அனுப்பின. கட்டுக்கட்டாகத் துணி வந்தது. அதையெல்லாம் அனுப்பியவர்களுக்கு எங்கள் ஊர் வெயிலைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொட்டகையில் ஒரு கிழவர் பித்தானெல்லாம் மாட்டிய கம்பளிக் கோட்டோடு சித்திரை மாசத்தில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். போதகர் சிவகாசிக்கு பஸ் ஏறிப்போய், ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பேசி, பெட்டி ஒட்டுகிற வேலை வாங்கிவந்தார். பெண்களும் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து பசை தடவி ஒட்டுவார்கள்.

பஜாரில் இதைப் பற்றி ஒரே பேச்சு. மாவையும் பாலையும் காட்டி ஆள் சேர்க்கிறாக என்றார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் போதகர் எங்கள் மண்டிக்கு வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போகிற வரைக்கும்.

அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னை சைக்கிளில் உட்கார வைத்து வேதக்கோயிலுக்குக் கூட்டிப்போனார். பின்னால் ஒரு சிப்பம் துவரம்பருப்பு. ஏன் என்னைக் கூட்டிப்போனார் என்று தெரியவில்லை. தனியாகப் போகப் பயந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

போதகர் ஓர் அம்மாளை வெளியே கூட்டிவந்தார். சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. சின்னக் கண். இரண்டு கன்னத்திலும் மஞ்சளாக எதையோ அரைத்துப் பூசியிருந்தாள். அம்மை போட்டிருக்கிறது போல என்று நினைத்து நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அப்படியே தரையில் மண்டியிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் பக்கத்தில் என்னைவிட ஒரு சாண் உயரமாக அவளுடைய பெண். அவளும் அப்பாவையே பார்த்தாள். அப்பா சிப்பத்தை இறக்கி வைத்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

வரும் வழியில் கேட்டேன். "யாருப்பா அவுக?"

"பர்மா அகதிக."

"எதுக்கு அழுதாக?"

"கப்பல்ல வந்தது ஒடம்புக்கு ஒத்துக்கல."

கொஞ்ச தூரம் போனதும் சைக்கிளை நிறுத்தினார். "அங்கன போனது வீட்டுல யாருக்கும் தெரியக்கூடாது. அம்மாட்டயும் சொல்லக்கூடாது, பெரியம்மாட்ட சொல்லவே கூடாது. என்ன?" என்று கையை நீட்டினார். நான் அடித்தேன்.

பத்து நாள் போயிருக்கும். அம்மா எனக்குப் பெரிசாகத் தைத்து வைத்திருந்த பாவாடை இரண்டையும் ஒரு தூக்குச்சட்டியையும் என் கையில் கொடுத்து, "வேதக்கோயில் ஐயா வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு வா. பர்மாக்காரப் பிள்ளைக்குன்னு சொல்லு. அவுகளுக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போது போதகர் கொடுத்து பையில் இருந்த ஒரு போட்டோவைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிட்டாள். இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவும் கையை நீட்டினாள் என்பதுதான். "அப்பாட்ட சொல்லாதே, வருத்தப்படுவாக. பெரியம்மா காதுல விழவே கூடாது."

ஆக இரண்டு சத்தியம். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் அடிக்கடி வேதக்கோயிலுக்குப் போய்வந்தேன். போதகரம்மா என்னைப் பார்த்தாலே சிரிப்பார். பால்பவுடரைக் கையில் கொட்டுவார். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இளகுகிற அந்த ருசிக்காகவே சத்தியத்தைக் காப்பாற்றலாம் போலிருந்தது.

அந்த உயரமான பெண்ணோடு நான் சேர்ந்துகொண்டேன். முகம் பர்மாக்கார முகம், பேச்சு மட்டும் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. "அம்புட்டுத் தூரத்துலருந்தா வாரே?" என்று அவள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அம்மாவுக்குத் தமிழ் உடைந்து உடைந்துதான் வரும். அவர்களுடைய தகரப் பெட்டியின் அடியில், துணிக்குள்ளே, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஒரு சின்ன புத்தர் சிலை இருந்தது. ஒருநாள் போதகரம்மா துணி கொடுக்க வந்தபோது பெட்டி திறந்திருந்தது. அவர் சிலையைப் பார்த்தார். பர்மாக்கார அம்மா பயந்துபோய் எழுந்து நின்றாள். "எலி இருக்கு இங்கன. பெட்டிய நல்லா மூடி வைங்க" என்று சொல்லிவிட்டு போதகரம்மா புதுத்துணியை அதன் மேலேயே வைத்து மூடினார்.

தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் திடீரென்று கேட்டாள். "ஒங்க வீட்டுல ஒரு பெரியம்மா இருக்காகளா?"

"இருக்காக."

"அவுக சீயத்துல சுக்கு தட்டிப் போடுவாகளா?"

எங்கள் தெருவிலேயே பெரியம்மா ஒருத்திதான் சீயத்துக்கு வைக்கிற வெல்லப் பூரணத்தில் சுக்கு தட்டிப் போட்டுச் சுடுவாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எங்கப்பா சொல்லுவாக. ஊருக்குப் போனா முதல்ல அதுதான் திங்கணும்பாக."

"ஒங்கப்பா எங்க?"

"செத்துட்டாக. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே. நெஞ்சு வலின்னு படுத்தாக, எந்திரிக்கல." சொல்லிவிட்டுப் பெட்டியை ஒட்டினாள். அவள் பெயரைக் கேட்டேன். பர்மாப் பெயர் ஒன்று சொன்னாள். என் வாயில் நுழையவில்லை. "அப்பா கூப்பிடுற பேரு வேற" என்று தமிழ்ப் பெயர் ஒன்றும் சொன்னாள். அது எங்கள் பெரியம்மாவின் பெயர். அந்தப் பெயர் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்ததால் நான் ஆச்சரியப்படவில்லை.

ஆனால் யோசிக்காமல் இல்லை. யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தேன். இந்தப் பெண்ணின் அப்பாவுக்கு எங்கள் பெரியம்மாவைத் தெரிந்திருக்கிறது. எங்கள் பெரியப்பாவும் பர்மாவில்தான் இருக்கிறார். ஒருவேளை இரண்டு பேரும் ஒருவரோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவள் அப்பா செத்துவிட்டார். எங்கள் பெரியம்மா நெற்றியில் குங்குமம் இருக்கிறது. புருஷன் செத்தவர்களுக்குக் குங்குமம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே எங்கள் பெரியப்பா உயிரோடு இருக்கிறார், இவள் அப்பா அவருடைய சிநேகிதர். கணக்கு வாத்தியார் கேட்டால்கூட இதில் தப்புச் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பை எத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருப்பது? ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா சீயம் சுட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். வாயில் இருந்த சீயத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. "பெரியம்மா, நீங்க சுக்குப் போடுறது பர்மா வரைக்கும் தெரியுமாம்."

"யார் சொன்னா?"

"வேதக்கோயில்ல ஒரு பிள்ள இருக்கு. அதோட அப்பா சொன்னாகளாம்."

பெரியம்மா கரண்டியால் எண்ணெயில் கிடந்ததைத் திருப்பிவிட்டாள். "அந்தப் பிள்ளைக்கு எம்புட்டு வயசு இருக்கும்?"

"என்னையவிட ரெண்டு வயசு கூட."

"அம்மா இருக்காளா?"

"இருக்காக. நல்ல செவப்பு. கன்னத்துல என்னமோ பூசியிருப்பாக. தமிழ் சரியா வராது." எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்தப் பிள்ளைக்கு ஒங்க பேருதான் பெரியம்மா!"

பெரியம்மா கடைசி ஈடு வேகும் வரை நின்றாள். எடுத்து வடித்தட்டில் போட்டாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அந்தப் பிள்ளையோட அப்பா?"

"அவுக செத்துட்டாகளாம்."

கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். சத்தியத்தை மீறிவிட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டு விழப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே போய் வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்து, சீயத்தை ஒரு தூக்குச்சட்டியில் எடுத்துவைத்தாள். "வா, காட்டு" என்றாள். அம்மா கடைவீதிக்குப் போயிருந்தாள். பெரியம்மா இப்படிப் பட்டப்பகலில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

வேதக்கோயிலில் அன்றைக்குக் கோதுமை கொடுக்கிற நாள். போதகர் மரக்காலை வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போயிற்று. பெரியம்மா வரிசையைத் தாண்டி நேராக அவரிடம் போனாள்.

"ஐயா, நான் மண்டிக்காரர் வீட்டுல மூத்தவ. நான் பாக்கவேண்டிய ஆளு யாரும் இங்கன இருக்காகளா?"

போதகர் மரக்காலைக் கீழே வைத்தார். முதன்முதலாக மண்டிக்கு வந்த அன்றைக்கே அப்பா அவரிடம் விஷயத்தை வெளியே விடவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். "நானாப் போய்ச் சொல்லமாட்டேன். ஆனா அந்த அம்மா வந்து கேட்டா இல்லைன்னு பொய் சொல்ல என்னால ஆகாது" என்று இவர் சொல்லியிருக்கிறார். இதை அப்பாவே பின்னால் சொன்னார். அந்த அம்மா வந்து கேட்டுவிட்டாள்.

"இருக்காகம்மா" என்றார்.

பர்மாக்கார அம்மா கொட்டகையிலிருந்து வந்தாள். பெரியம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்டியிட்டு, கையைக் குவித்து, நெற்றி தரையில் படும்படி மூன்று தடவை கும்பிட்டாள். அவர்கள் தேசத்தில் மூத்தவர்களை அப்படித்தான் வணங்குவார்களாம். எனக்குத் தெரியுமா? ஒரு மனுஷியைப் போய் சாமி மாதிரி கும்பிடுகிறாளே, அதுவும் சிலையையே கும்பிடக்கூடாது என்கிற இந்த இடத்தில், போதகர் சத்தம் போடப்போகிறார் என்று அவரைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப?" என்று கேட்டாள் பெரியம்மா.

"தைப்பூசம்... முடிஞ்சு" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுத்தமாகச் சொன்னாள்.

பெரியம்மா தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து, "சாப்பிடு தாயி. சூடு ஆறல" என்றாள். அந்தப் பெண் ஒரு சீயத்தைக் கடித்தாள். இரண்டு வாய் மென்றதும் அவள்தான் ஓவென்று அழ ஆரம்பித்தாள். சுக்கு காரமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

புறப்படும் முன் பெரியம்மா போதகரிடம் கேட்டாள். "இவுக ரெண்டு பேரும் வேதத்துல சேந்துட்டாகளா?"

"ஜெபத்துக்குக் கூப்பிடுவோம். வாறதும் வராததும் அவுக பிரியம். வந்தா எனக்குச் சந்தோசம்தான், அதை ஒளிக்கமாட்டேன். ஆனா சோத்துக்கும் அதுக்கும் முடிச்சுப் போடல."

"சரி. நான் வந்தது எங்க வீட்டுல தெரியவேண்டாம்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், பொய்யே சொல்லத் தெரியாத அந்த மனுஷரிடம் இப்போது எங்கள் வீட்டு ரகசியம் மூன்று சேர்ந்துவிட்டது. வரும் வழியில் பெரியம்மாவும் என்னிடம் கையை நீட்டினாள். "அப்பாட்டயும் சொல்லாதே, அம்மாட்டயும் சொல்லாதே." நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. அதனால் என் முடிவு சரிதான் என்று நானும் நிம்மதியாக அடித்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாசம் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அப்பா செவ்வாய்க்கிழமை போவார். அம்மா வெள்ளிக்கிழமை என்னை அனுப்புவாள். பெரியம்மா சனிக்கிழமை அம்மன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுவாள். பர்மாக்கார அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருபது வார்த்தை இருந்தால் அதிகம். ஆனால் மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஒரு தடவை பர்மாக்கார அம்மா எழுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டி, வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி பாவனை செய்தாள். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். யாரைப் போல நடந்து காட்டுகிறாள் என்று நான் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா முன்னால் அப்பா, "அண்ணன்ட்டருந்து அடுத்த கப்பலுக்காவது தகவல் வரும் மதினி" என்பார். பெரியம்மா, "வரட்டும் தம்பி" என்பாள். அம்மா குனிந்துகொள்வாள். நான் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

ஆடி பிறக்கும் முன்னே போதகருக்கு மதராஸிலிருந்து கடிதம் வந்தது. அங்கே அவர்கள் சபையைச் சேர்ந்த ஒரு விடுதியில் அகதிப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்து வேலையும் தருகிறார்களாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. தாயையும் மகளையும் அனுப்ப ஏற்பாடாகிவிட்டது. காலை வண்டியில் மதுரை போய் அங்கிருந்து போகவேண்டும். போதகரே கூடப் போகிறார்.

அன்றைக்கு அப்பா வேகனில் சரக்கு வந்திருக்கிறது என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் அம்மா கூடையோடு பிளாட்பாரத்துக்குள் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கமிருந்து போதகரம்மாவோடு பெரியம்மா வந்தாள். கையில் தூக்குச்சட்டி, தலை நிறையப் பூ.

நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லலப்பா, நான் யார்ட்டயும் சொல்லல" என்று அழுதுவிட்டேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"மதினி... நீங்க..." என்றார் அப்பா.

"நாலு மாசமாத் தெரியும் தம்பி."

அம்மா, "அக்கா" என்று அவள் தோளில் சாய்ந்தாள். "இங்கன வச்சு அழாதே. பிள்ள பயந்துரும். வண்டி கெளம்பட்டும்" என்றாள் பெரியம்மா.

வண்டி வந்தது. பர்மாக்கார அம்மா பிளாட்பாரத்தில் மறுபடியும் மண்டியிடப் போனாள். பெரியம்மா இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி, "போதும் தங்கச்சி" என்றாள். பிறகு தன் தலையிலிருந்த பூவை முழுசாக எடுத்து அந்தப் பெண்ணின் சடையில் வைத்தாள். எனக்கு ஒரு கண்ணிகூடக் கிள்ளித் தரவில்லை. எனக்கு அதில் ரொம்ப வருத்தம். அப்பா ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்து, "லெட்டர் போடும்மா. மண்டி அட்ரஸ் வேண்டாம். வீட்டு அட்ரஸுக்கே போடு" என்றார்.

குதிரைவண்டியில் வீட்டுக்கு வந்தோம். பெரியம்மா நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரச் சேலையோடு கூடத்துக்கு வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. "ரங்கூன்லருந்து தகவல் வந்துருச்சுன்னு சொந்தக்காரகளுக்குச் சொல்லிவிடுங்க தம்பி" என்றாள். மத்தியானத்துக்குள் வீடு நிறையப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். பெரியப்பா இறந்துபோனார் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள்.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளையும் பிறந்தபிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். தெரிந்த அன்றைக்கே பெரியம்மா ஏன் அதைச் செய்யவில்லை என்று. "செஞ்சிருந்தா ஒரு வருஷம் மூலையில உக்கார வச்சிருப்பாகள்ள? வாசல் தாண்ட விட்டிருப்பாகளா? அந்தப் பிள்ளைய எப்படிப் போய்ப் பாத்திருப்பாக?" என்றாள் அம்மா. புருஷன் இல்லை என்று தெரிந்தும் அந்த நாலு மாசமும் காலையில் எழுந்து, குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு எப்படி இருந்தாளோ என்று அவளும் சொன்னாள், நானும் நினைத்தேன். அந்தப் பெண் பின்னால் வேதத்தில் சேர்ந்து ஆஸ்பத்திரி நர்ஸானாள். அவள் அம்மா கடைசி வரை சேரவில்லை. இரண்டு பேரும் பொங்கலுக்குக் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் அந்த வருஷம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? காரியம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துப் போதகர் துட்டி கேட்க வந்தார். வாசலில் நின்று அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். நான் பின்னாலேயே ஓடித் தெருமுனையில் அவரை நிறுத்தினேன்.

"ஐயா, அந்த அக்காவோட அப்பாவும் செத்துப்போனாக. இப்ப எங்க பெரியப்பாவும் செத்துப்போனாக. ரெண்டு பேருக்கும் ஜெபம் பண்ணுறீகளா?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போனவுகளுக்கு நாங்க ஜெபம் பண்றதில்லம்மா. இருக்கிறவுகளுக்குத்தான்."

"அப்ப அந்த அக்கா வீட்டுக்கு ஒண்ணு, எங்க பெரியம்மாவுக்கு ஒண்ணு."

போதகர் சைக்கிளைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். தெருவிலேயே கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, ஜெபம் பண்ணினார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும், "இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் தாயி. ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வீட்டுச் சாவுக்கு ஒரே ஜெபத்தோடு முடித்துக்கொண்டாரே, இத்தனை சிக்கனமான மனுஷர் அத்தனை பேருக்கு எப்படிக் கோதுமை அளந்து போட்டார் என்று நான் அந்தத் தெருமுனையிலேயே வெகுநேரம் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.